மமா கேட்ட மூன்று றிப்போட்டுகள்

மமாவுக்கு டடாவின் வாயில் நம்பிக்கை போய்விட்டது. அதனால் இரத்தத்தைக் கேட்டார்.

எங்கள் வீட்டில் அம்மா மமா, அப்பா டடா. டடாவின் பெயர் ஹோரேஸ். படகு எஞ்சின் திருத்துவார். புளியந்தீவில் எங்கள் வீட்டுப் பின்வளவில் எப்போதும் இரண்டு மூன்று எஞ்சின்கள் சட்டத்தில் தொங்கும். அவற்றைக் கொண்டுவரும் மீன்பிடிக்காரர்கள் கூலியைத் தனியாகவும் போத்தலைத் தனியாகவும் தருவார்கள். திருத்திய எஞ்சின் முதல் தடவை முழங்கியதும் அந்த இடத்திலேயே ஒரு போத்தல் திறக்காவிட்டால் அது நடுக்கடலில் நின்றுவிடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. டடா நல்ல மெக்கானிக், அவர்களுக்கு ஹோரேஸ் பாஸ். அவர் கையில் முழங்காத எஞ்சின் இல்லை. ஆகவே திறக்காத போத்தலும் இல்லை.

தை மாதம் அவருடைய கண்கள் மஞ்சளாகின. சோற்றைக் கண்டால் ஓங்காளித்தார். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். ஈரல் வீங்கிக் கொழுப்பேறிக் கிடக்கிறது, இன்னும் இறுகவில்லை, இன்றோடு குடியை விட்டால் தேறும், விடாவிட்டால் தேறாது என்று சொல்லி அனுப்பினார்கள். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

அவர் வீடு திரும்பிய அன்று மமா தன் தையல் மெசினை ஆட்டோவில் ஏற்றினார். பாலத்துக்கு அப்பால், கல்லடியில் இருக்கும் என் அக்கா சாஷாவின் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். சண்டை பிடிக்கவில்லை, அழவுமில்லை. மமாவின் பெயர் எத்தல். முப்பது வருடமாகப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவர். அளவெடுத்துத்தான் பேசுவார்.

"மூண்டு ரெத்த றிப்போட், ஹோரேஸ். ஒண்ட விட ஒண்டு குறைஞ்சு வரவேணும். வந்தா நான் வருவன். வராட்டி இந்த மெசின் இனிப் பாலம் கடக்காது."

டடா தலையாட்டினார். அன்றிலிருந்து குடிக்கவில்லை. எஞ்சின் முழங்கியதும் சோடாப் போத்தல் திறந்தார். மீன்பிடிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் எஞ்சின்கள் நடுக்கடலில் நிற்கவில்லை.

இரத்தம் எடுத்தது நான். பெயர் வெய்ன். கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லாப்பில் இரவு வேலை பார்த்தேன், விட்டுவிட்டு வந்துவிட்டேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு நித்திரை என்று பதில் சொன்னேன். இப்போது கல்லடியில் நஸீபா மிஸ் நடத்தும் சிறிய லாப்பில் பகலில் இரத்தம் எடுக்கிறேன். நான் ஊசி குத்துவேன், அவர் மெசினில் போட்டு அளப்பார். எனக்குப் பேச்சுக் குறைவு என்று சிலருக்குக் குறை. குத்துவது தெரியாமல் குத்துவதால் திரும்பவும் வருகிறார்கள்.

ஈரல் சோதனை பெரிய வித்தை இல்லை. ஈரல் அடிபட்டால் அதற்குள் இருக்கும் சில சத்துகள் இரத்தத்தில் கசியும். எவ்வளவு கசிந்தது என்று அளக்கிறோம். எஸ்.ஜி.ஓ.ரி., எஸ்.ஜி.பி.ரி., காமா ஜி.ரி. என்று மூன்று வரிகள். முதல் இரண்டும் நாற்பதுக்குள் இருந்தால் நல்லது. காமாவுக்கு எல்லை கொஞ்சம் கூட. ஆறு கிழமைக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார் டொக்டர் ஸாதியா. அவர் ஏறாவூர்க்காரி, மாலையில் புளியந்தீவில் நோயாளர் பார்ப்பவர். மமாவின் நிபந்தனை அந்த ஆறு கிழமைக் கணக்கில் போய் ஒட்டிக்கொண்டது.

முதல் றிப்போட்டில் எஸ்.ஜி.ஓ.ரி. நூற்று முப்பது. ஆஸ்பத்திரியில் இருந்ததில் அது பாதி. இரண்டாவதில் ஐம்பத்தெட்டு. மற்ற இரண்டு வரிகளும் சேர்ந்து இறங்கின. இரண்டையும் நானே கல்லடிக்குக் கொண்டுபோய் மமாவிடம் கொடுத்தேன். மமா மூக்குக் கண்ணாடியைப் போட்டு, தையல் நாடாவை வாசிப்பதுபோல் விரலை வைத்து வாசித்தார். இரண்டாவது முறை மட்டும், பின்வளவு அடுப்படிக் கூரை ஒழுகுகிறதா என்று விசாரித்தார். வர நினைக்காதவர் கூரையைப் பற்றிக் கேட்கமாட்டார்.

மூன்றாவது இரத்தம் ஆனி மாதத்தில், ஒரு சனிக்கிழமை. டடா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ஏறி ஓட்டவில்லை. கதிரையில் உட்காரும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். நான் பட்டியைக் கட்டிவிட்டுக் கையை முஷ்டியாகப் பொத்தச் சொன்னேன். விரல்கள் பாதி தூரம் வந்து நின்றுவிட்டன. நடுங்கின. உள்ளங்கையில் இரண்டு பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. என்ன என்று கேட்டேன். வேலையில் பட்டது என்றார்.

குடிகாரர்களின் நடுங்கும் கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரவு வேலையில் வேறென்ன பார்ப்பது? இரத்தம் எடுத்தேன். குழாயில் அவர் கண் முன்னாலேயே பெயர் எழுதினேன். அவர் என்றைக்கும் இல்லாத உற்சாகத்தில் இருந்தார்.

"இந்த முற பாரன் மனே," என்றார். "மமா சாமானக் கட்டட்டும்."

பின்னேரம் நஸீபா மிஸ் என்னை உள்ளே கூப்பிட்டார். கடதாசியை என் பக்கம் திருப்பி வைத்தார். எஸ்.ஜி.ஓ.ரி. இருநூற்றுப் பன்னிரண்டு. எஸ்.ஜி.பி.ரி. தொண்ணூற்றேழு. முதல் வரி இரண்டாவதைவிட இரண்டு மடங்குக்கு மேல். குடிகாரனின் ஈரல் போடும் கையெழுத்து அது. அதற்குக் கீழே வாசிக்க எனக்குத் தோன்றவில்லை.

அவர் ஏற்கெனவே மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டாராம். அதே இலக்கம். மெசினில் பிழையில்லை, குழாய் மாறவுமில்லை.

"நம்மட வேல அளக்கிற," என்றார். "வாசிக்கிற வேல டொக்டருக்கு. அவகிட்டக் காட்டுங்க தம்பி."

நல்ல யோசனைதான். ஆனால் றிப்போட் வந்த அன்றே கொண்டுவா என்பது மமாவின் கட்டளை. நாளை என்றால் அதற்கே காரணம் தேடுவார்.

சாஷாவின் வீட்டு முன்னறையில் தையல் மெசின் ஒரு பழைய படுக்கைத் துணியால் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டப்பட்டுக் கதவோரம் நின்றது. பக்கத்தில் பெட்டி. மமா காலையிலேயே கட்டிவிட்டார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை, கடதாசியை நீட்டினேன். மமாவின் விரல் முதல் வரியில் நின்றது. இரண்டாவதில் நின்றது. பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

சாஷா கணக்கு ரீச்சர். கடதாசியை வாங்கி ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"முதல் ரெண்டும் ஆர் எடுத்த?"

"நான்தான்."

"அதானே. டடாவும் மகனும் ஒரு வீட்டில, ரெத்தம் எடுக்கிறதும் அதே மகன். நல்ல பரீட்சை."

"பொய் எழுதுறவன் எண்டா இதயும் எழுதியிருப்பன், சாஷா."

அவள் யோசித்தாள். கணக்குச் சரிவருகிறதா என்று பார்க்கிற முகம்.

"ஓம்," என்றாள். "அப்ப மூண்டும் உண்மை. அப்ப அவர் குடிச்சிருக்கார்."

மமா குனிந்து மெசினில் கட்டிய கயிற்றை அவிழ்த்தார். முடிச்சை அறுக்கவில்லை, பொறுமையாக அவிழ்த்தார். துணியை மடித்துப் பெட்டியின் மேல் வைத்தார். திங்கட்கிழமைக்கு ஆறு சீருடை கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தார். நான் பாலத்தால் திரும்பி வந்தேன். வாவி எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது. யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது.

டடா பின்வளவில் ஒரு எஞ்சினின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் இலக்கங்களைச் சொன்னேன். அவர் ஸ்பனர் சாவியைக் கீழே வைத்தார்.

"நான் குடிக்கல்ல."

"ரெத்தம் வேற மாதிரிச் சொல்லுது."

"அப்ப அதுக்கிட்டயே கேள். என்ன ஏன் கேக்கிற?"

கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. சாவியை எடுத்து மறுபடி வேலையைத் தொடங்கினார். அந்த அமைதிதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. பழைய நாட்களில் பிடிபட்டால் சத்தம் போடுவார், சத்தியம் பண்ணுவார், மாதாவைச் சாட்சிக்கு அழைப்பார். இது எனக்குப் பழக்கமில்லாத ஆள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வளவைச் சோதனை போட்டேன். அவருடைய ஒளிப்பிடங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். சாமான் பெட்டியின் அடித்தட்டு, தண்ணீர்த் தொட்டியின் பின்பக்கம், தேங்காய் மட்டைக் குவியல், கழற்றி வைத்த எஞ்சின் மூடிகளின் உட்புறம். மட்டைக் குவியலுக்குள் ஒரு போத்தல் அகப்பட்டது. உள்ளே குளவி கூடு கட்டியிருந்தது. ஒரு பிளாஸ்டிக் போத்தலில் சிவப்பாக ஏதோ இருந்தது. மணந்து பார்த்தேன், எஞ்சின் ஒயில். டடா தின்னும் பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோழிக்கூடு பாக்கல்லயே," என்றார்.

அதையும் பார்த்தேன். கோழி கையில் கொத்தியது. டடா சிரிக்கத் தொடங்கி, விலாவைப் பிடித்துக்கொண்டு பாதியில் நிறுத்தினார்.

திங்கட்கிழமை பின்னேரம் டொக்டரைப் பார்க்க எங்களுக்கு நம்பர் போட்டிருந்தது. நான் போக விரும்பவில்லை. டடாதான் முன்னதாகவே குளித்து, சட்டை மாட்டி, வாசலில் நின்றார். சட்டைக் கையை மாட்டுவதற்கு அவருக்கு நேரமெடுத்தது. நான் உதவவில்லை.

டொக்டர் ஸாதியா என்னைவிடச் சின்னவர். நீட்டி முழக்கமாட்டார். முதல் இரண்டு றிப்போட்டையும் மூன்றாவதையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார். நான் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன்: இலக்கம், இரண்டு மடங்கு, கை நடுக்கம். அவர் என்னைப் பார்க்காமலே தலையாட்டினார். பேனா மூன்றாவது வரியில் போய் நின்றது.

"காமா ஜி.ரி. நூத்திநாப்பதில இருந்து எழுபத்திநாலுக்கு எறங்கியிருக்கு," என்றார். "திரும்பவும் குடிக்கிறவர்ர காமா இப்படி எறங்கிறது எனக்கு வழக்கமாத் தெரியல்ல. அங்கிள், ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குங்க."

டடா தூக்கினார். தோள் உயரத்தில் கைகள் நின்றன. முகம் கோணியது. டொக்டர் எழுந்து வந்து அவருடைய மேற்கையை விரலால் அழுத்தினார். டடா பல்லைக் கடித்தார். தொடையை அழுத்தினார். டடா கதிரையோடு பின்னால் போனார். கடைசியில் டொக்டர் அவருடைய உள்ளங்கைகளைத் திருப்பிப் பிளாஸ்டரை உரித்தார். இரண்டு கையிலும் விரல் அடியில் கொப்புளங்கள் வரிசையாக உடைந்து, தோல் சிவந்து கிடந்தது. ஊசி குத்திய அன்று அந்தக் கையை நான் பிடித்திருந்தேன்.

"ரெத்தம் குடுக்க முதல் ரெண்டு நாளும் என்ன வேல செய்த நீங்க?"

டடா என்னைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். பரீட்சையில் பார்த்தெழுதிப் பிடிபட்ட பிள்ளையின் முகம்.

"கரைவலை இழுத்த," என்றார்.

மெல்ல மெல்லக் கதை வந்தது. கல்லடிக் கடற்கரையில் சாமித்தம்பி என்கிற சம்மாட்டிக்கு, மீன்பிடி முதலாளிக்கு, ஒரு கரைவலை இருக்கிறது. கடலில் அரைவட்டமாக வளைத்துப் போட்ட வலையின் இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று ஆட்கள் மணிக்கணக்கில் இழுத்துக் கரை சேர்க்க வேண்டும். டடா அவருடைய எஞ்சினைத் திருத்திக் கொடுக்கப் போயிருக்கிறார். சோடா திறந்ததும் சாமித்தம்பி சிரித்துவிட்டு, கயிறு இழுக்கிறவன் உடம்பில் கொழுப்புத் தங்காது, நேற்றுக் குடித்த கசிப்புச் சாராயமும் இன்றைக்கு வேர்வையில் போய்விடும் என்றாராம். டடா அதைப் பிடித்துக்கொண்டார். ஈரலில் இருப்பது கொழுப்பு. வேர்வையில் கொழுப்புக் கரையும். சோதனைக்கு முன் இரண்டு நாள் இழுத்தால் மூன்றாவது றிப்போட் முதல் இரண்டையும் தூக்கிச் சாப்பிடும். வியாழனும் வெள்ளியும் விடியப் போய்க் கயிற்றில் நின்றிருக்கிறார். அறுபத்தொரு வயதில், சாவியைத் தவிர வேறெதையும் இழுத்துப் பழகாத உடம்போடு.

கயிற்றில் கை வைத்தவனுக்கு மீனில் பங்கு உண்டு. அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் சூடை மீன் கறி. யாரோ எஞ்சின்காரர் கொடுத்தது என்று நான் தின்றேன்.

"ஏன் சொல்லல்ல?" என்றேன்.

"களவு மாதிரி இரிந்திச்சு. பாஸ் பண்ணுறத்துக்குக் குறுக்கு வழி பாத்த எண்டு மமா சொல்லுவா."

டொக்டர் சிரிக்கவில்லை. கைபேசியை எடுத்து நஸீபா மிஸ்ஸைக் கூப்பிட்டு, சனிக்கிழமைக் குழாய் குளிர்ப்பெட்டியில் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அதிலேயே தசைச் சத்து ஒன்றை அளந்து சொல்லச் சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"எஸ்.ஜி.ஓ.ரி. ஈரலுக்கு மட்டும் சொந்தமில்ல. தசைக்குள்ளயும் இரிக்கு. பழக்கமில்லாம இப்படி இழுத்தா தசை நார் கிழியும். அதுக்குள்ள இரிக்கிறது ரெத்தத்துக்கு வரும். கடதாசியில அது ஈரல் மாதிரித்தான் நிக்கும்." டடாவை நேராகப் பார்த்தார். "நீங்க ஈரலக் கெடுக்கல்ல அங்கிள். கைகால நல்லாக் கெடுத்திருக்கிறீங்க. மூத்திரம் கறுத்துப் போச்சா?"

இல்லை என்றார் டடா. டொக்டர் நல்லாத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். கறுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். பத்து நாளைக்குக் கயிறும் வேண்டாம், எஞ்சின் தூக்கவும் வேண்டாம், அதற்குப் பிறகு மறுபடி எடுத்துப் பார்ப்போம் என்றார். நாங்கள் வெளியேறுமுன் நஸீபா மிஸ் திரும்ப அழைத்தார். தசைச் சத்து இருநூறுக்குள் இருக்க வேண்டியது. மூவாயிரத்துத் தொள்ளாயிரம் இருந்தது.

வெளியே வந்ததும் டடா என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவருடைய சைக்கிளை நான் உருட்டினேன்.

அடுத்த நாள் கல்லடிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மமா தைப்பதை நிறுத்தாமல் கேட்டார். நான் முடித்ததும் மெசின் மிதியில் அவருடைய கால் நின்றது.

"நீ சொல்லுற, அவர் சொல்லுற, டொக்டர் சொன்னதெண்டு திரும்ப நீ சொல்லுற," என்றார். "எல்லாம் வாய்தானே மனே. நான் வாயக் கேக்கல்லயே."

சாஷா அதைவிட ஒரு படி மேலே போனாள். அன்று மாலையே கடற்கரைக்குப் போய்ச் சாமித்தம்பியை விசாரித்தாள். அவர் வலையைக் காயப்போட்டுக்கொண்டே பதில் சொன்னாராம். ஹோரேஸ் பாஸ் வந்தது உண்மை. கயிறு பிடித்ததும் உண்மை. இழுவை அரை ஆளுக்கு, சத்தம் நாலு ஆளுக்கு. இரண்டாம் நாள் வலையின் மடி கரைக்கு வந்தபோது மீனுக்கு முன்னால் பாஸ்தான் மணலில் கிடந்தார். கடையில் ஏதாவது வாங்கிக் குடித்தாரா என்று சாஷா கேட்டிருக்கிறாள். குடித்தார் பிள்ளை, இளநீர் மூன்று, மூன்றும் என்னுடைய கணக்கில் என்றாராம்.

சாஷா இதைச் சொல்லும்போது சிரிக்காமலிருக்கப் பாடுபட்டாள். மமா சிரிக்கவில்லை. மறு சோதனைக்குத் தானே வருவதாகச் சொன்னார். எடுக்கிற இரத்தத்தை இரண்டு குழாயில் எடுக்க வேண்டும். ஒன்று எங்கள் லாப்புக்கு, மற்றது பட்டினத்தில் எங்களைத் தெரியாத ஒரு லாப்புக்கு. இரண்டாவது குழாயைச் சாஷா கையில் கொண்டுபோவாள். துணி வெட்டுமுன் இரண்டு முறை அளக்கிற பழக்கம் அது. எனக்கு ஆட்சேபணை இல்லை என்றேன். உண்மையில் எனக்கு அது பிடித்திருந்தது.

அந்த நாள் வந்தது. டடா சைக்கிளில் ஏறி ஓட்டி வந்தார். மமா ஏற்கெனவே லாப்பில், ஊசி குத்தும் கதிரைக்கு எதிரே, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாதக்கணக்கில் பார்க்காதவர்கள். டடா தொப்பியைக் கழற்றினார். நான் பட்டியைக் கட்டிக் கையைப் பொத்தச் சொன்னேன். முஷ்டி முழுதாக மூடியது, நடுங்கவில்லை.

இரண்டு குழாயும் நிறைந்தன. பஞ்சை வைத்து மடக்கச் சொன்னேன். அப்போது மமா எழுந்து வந்தார். டடாவின் மற்றக் கையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கொப்புளம் காய்ந்து, பழைய தோல் உரிந்து, கீழே இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்திருந்தது. மமா அதைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

"எனக்காகவா இழுத்த நீங்க?"

"றிப்போட்டுக்காக," என்றார் டடா.

"நல்லது. பொய் சொல்லல்ல." கையை விட்டார். "கை வேற, ஈரல் வேற. றிப்போட் வரட்டும்."

பிறகு என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. பெல்ட்டுக்கு மேல் வந்து நிற்கும் என் வயிற்றைப் பார்த்தார். கொழும்பில் இரவு வேலையில் கொத்து ரொட்டியும் சீனித் தேநீருமாகச் சேர்த்த வயிறு. வேலையை விட்டேன், அதை விடவில்லை.

"ஆக்களுக்கெல்லாம் குத்துற. உனக்கு ஆராவது குத்தினதா?"

இல்லை என்றேன். நஸீபா மிஸ் உள்ளிருந்தே கேட்டுவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு வந்தார். மறுக்க நேரம் தரவில்லை. டடா எழுந்த கதிரையில் நான் உட்கார்ந்தேன். அவர் குத்தியது நோகத்தான் செய்தது.

மாலையில் சாஷா பட்டினத்திலிருந்து கடதாசியோடு வந்தாள். லாப் மேசையில் இரண்டு றிப்போட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரித்தோம். எங்களுடையதில் எஸ்.ஜி.ஓ.ரி. முப்பத்துநாலு, மற்றதில் முப்பத்தாறு. எஸ்.ஜி.பி.ரி. இரண்டிலும் நாற்பதுக்குள். காமா இன்னும் கொஞ்சம் இறங்கி, எல்லையைத் தொட்டு நின்றது. இரண்டு இலக்க வித்தியாசம் ஏன் என்று சாஷா நஸீபா மிஸ்ஸைக் கேட்டாள். ஒரே துணியை இரண்டு தையற்காரர் அளந்தால் நூல் இடை வித்தியாசம் வராதா என்றார் அவர். மமா அதற்கு மட்டும் உடனே தலையாட்டினார்.

கண்ணாடியைப் போட்டு ஆறு வரியையும் விரல் வைத்து வாசித்தார். இந்த முறை கடைசி வரி வரைக்கும் போனார். நானும் கூடவே கடைசி வரி வரைக்கும் வாசித்தேன்.

"இது மூண்டாவது," என்றார். "மற்றது கயிற்றுக்கு. அது கணக்கில இல்ல."

டடா வெளியே ஓடிப்போய் ஆட்டோ பிடித்தார். அறுபத்தொரு வயது ஆள் ஓடுவதைப் பார்த்து எனக்குத் தசைச் சத்துத்தான் ஞாபகத்துக்கு வந்தது.

தையல் மெசின் பொழுது சாயுமுன் பாலம் கடந்தது. டடா அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார், பாரம் தூக்கவில்லை, ஆட்டோதான் தூக்கியது என்று வாதாடிக்கொண்டு. மமா வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்படிக் கூரையை அண்ணாந்து பார்த்தார். ஒழுகிய தகரம் மாற்றப்பட்டிருந்தது. மெசினை யன்னலோரம் பழைய இடத்தில் வைக்கச் சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து மடித்த இன்னொரு கடதாசியை எடுத்து என் முன்னால் போட்டார்.

என்னுடைய றிப்போட். நஸீபா மிஸ் என்னிடம் கொடுக்காமல் அவரிடம் கொடுத்திருக்கிறார். எஸ்.ஜி.பி.ரி. எண்பத்து மூன்று.

நான் ஒரு சொட்டுக் குடிப்பதில்லை. என் வாழ்க்கையில் குடித்ததில்லை. வாயைத் திறந்தேன். டடா கதிரையில் சாய்ந்துகொண்டு, இதற்காகவே மாதக்கணக்கில் காத்திருந்தவர்போல் என்னைப் பார்த்தார்.

"ரெத்தம் வேற மாதிரிச் சொல்லுது," என்றார்.

மமா அவரை அடக்கினார். நஸீபா மிஸ் சொல்லியனுப்பியதை எனக்குச் சொன்னார்: குடிக்காதவனுக்கும் ஈரலில் கொழுப்பு வரும், டொக்டரிடம் காட்ட வேண்டும், வயிறு குறைய வேண்டும், கொத்து நிற்க வேண்டும், சில மாதத்தில் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். பிறகு சுவரில் தொங்கிய கலண்டரில் ஒரு திகதியைச் சுற்றி வட்டம் போட்டார். டடாவுக்கும் எனக்கும் ஒரே நாள்.

"விடிய வாறியா?" டடா கேட்டார். "சாமித்தம்பிக்கு ஆள் காணாது. கொஞ்சம் கொஞ்சமாப் பழகினா ஒண்டும் கிழியாதுதானே, டொக்டர்கிட்டக் கேட்டுப் பார். உனக்கும் பங்கு மீன் வரும்."

அவர் கேட்ட கேள்விக்கு மமா பதில் சொன்னார். போகலாம். டொக்டர் சரி என்றால் மட்டும், மெல்ல மெல்லத்தான். ஆனால் வட்டம் போட்ட நாளுக்கு முந்திய பத்து நாளும் இரண்டு பேரும் கயிற்றுப் பக்கம் தலை வைக்கக் கூடாது. வைத்தால் மெசினுக்குப் பாலம் தெரியும்.

டொக்டர் சரி என்றார், என் இரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டு. மறு கிழமை ஒரு விடியலில் கல்லடி மணலில், டடாவுக்குப் பின்னால், ஈரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாமித்தம்பி என் வயிற்றைப் பார்த்து, பாஸ், இந்த முறை மடியில் மீன் கூட வரும் போல, பாரம் இப்பவே கரையில் நிற்குது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டடா திரும்பி என் கையைப் பார்த்தார்.

"கையப் பொத்து மனே," என்றார். "நல்லாப் பொத்திப் பிடி."

பொத்திப் பிடித்தேன். இழுத்தோம்.